அழகைக் கண்டு அஞ்சியவர்

என் வீட்டின் பின்கட்டில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் குடியிருந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுத எண்ணுகிறேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஓர் ஊரின் பெயரோ ஓர் ஆளின் பெயரோ நாலு பேர் வாயில் புழங்கத் தொடங்கினால் அதற்குக் கேடு வந்து சேரும் என்று உறுதியாக நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையை மதிப்பது இப்போது என்னால் செய்யக்கூடிய சிறு பரிகாரம்.

எவரேனும் ஓர் இடத்தைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டால் அவர் நடுங்குவார். இதில் மிகையேதும் இல்லை. கையில் குடம் இருந்தால் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னவர் யார், எந்த ஊர், எதில் வந்தார், எப்போது திரும்பிப் போவார் என்று விசாரிப்பார். வந்தவர் கண்மறையும்வரை மறுவேலை பார்க்கமாட்டார்.

எங்கள் ஊரின் கிழக்கு எல்லையில், ஓர் அணைக்குப் போகும் சாலையோரம் என் வீடு. கிழக்கே மேகமலைத் தொடர். எதிரே சாலையைத் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். ஒருநாள் காலை வெளியூர்க் கார் ஒன்று பந்தலோரம் நின்றது. ஓர் இளம்பெண் இறங்கினாள். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று கூவினாள். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நம் பெண்மணி ஈரத்துணியோடு வேலியருகே விரைந்தார்.

"அங்கன எறங்காதீக ஆத்தா. பாம்பு கெடக்கு."

"பாம்பா? என்ன பாம்பு?"

"எல்லாப் பாம்புந்தேன். முந்தாநாள் ரெண்டு பேரைக் கடிச்சுருச்சு. மருந்து வேற அடிச்சிருக்காக. மேல பட்டா தோலு உரிஞ்சுரும்."

கார் கிளம்பிய வேகத்தில் புழுதி அடங்க நெடுநேரமாயிற்று. அன்று மாலை பந்தல் உரிமையாளன் என் வாசலில் வந்து நின்றான். "ஏன் மாமா, உங்க வீட்டுக் குடித்தனக்கார அக்கா என் தோட்டத்துல இதுவரைக்கும் எத்தனை பேரைச் சாகடிச்சிருக்கு? ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்க" என்றான். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லலாமா தாயி?" என்று பின்னர் கேட்டேன்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டாக சித்தப்பா. வாயைத் தொறந்து சொல்ல விடக்கூடாது. கேட்டுரும்."

"எது கேட்டுரும்?"

"வெலதேன்" என்றார். விலை என்பதை, அண்டை வீட்டில் இருக்கும் பொல்லாத ஒருவனைக் குறிப்பிடுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

அவர் பிறந்தது எங்கள் ஊர்தான். அவர் தந்தையும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஆகையால் எனக்கு அவர் மகள் முறை. கடலோரத்தில் உள்ள, உலகமெல்லாம் சுற்றுலாவுக்கு வந்து குவியும் ஓர் ஊருக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் அங்கே கடற்கரையில் பயணிகளைப் படமெடுத்துக் கொடுப்பவர். கழுத்தில் கேமராவுடன் கரையோரம் நடந்து, சூரியன் உதிப்பதைக் காட்டி, "வாங்க சார், இப்படி நில்லுங்க" என்று கூவிப் பிழைத்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது கேமரா இல்லை. கணவருக்குக் கண்பார்வையும் இல்லை.

வீடு கேட்டு வந்த அன்று நடந்தது இன்றும் கண்முன் நிற்கிறது. பொதுவாக வீடு பார்க்க வருவோர் தண்ணீர் எத்தனை நாளுக்கொருமுறை வரும் என்று கேட்பார்கள். அவரோ, "இந்தச் சன்னல்ல என்ன தெரியும் சித்தப்பா?" என்று கேட்டார். மலை தெரியும், மேகம் இறங்குவது தெரியும் என்று நான் பெருமையுடன் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. "வேற ரூம் இல்லையா? செவுத்தைப் பார்த்த மாதிரி?" என்றார். இல்லையென்றேன். குடிவந்த அன்றே அந்தச் சன்னலில் பழைய சேலை ஒன்றை மடித்துக் கட்டிவிட்டார்.

அடுத்த கேள்வி இன்னும் விந்தையானது. "சனி ஞாயித்துக்கு எங்களை வெளிய போகச் சொல்லுவீகளா?"

என் மனைவிக்குச் சிரிப்பு தாளவில்லை. "அடி கிறுக்கி! குடியிருக்க விட்டுட்டு, சனி ஞாயித்துக்கு எங்கிட்டுப் போகச் சொல்லுவாக?"

"இல்ல சின்னம்மா, கேட்டு வச்சுக்கிறேன்."

"ஒருநாளும் சொல்லமாட்டேன்" என்று நான் வாக்களித்தேன். நான் பெரிய படிப்பாளி அல்லன். ஐந்தாம் வகுப்போடு நின்று, ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரித்துக் காலம் கழித்தவன். ஓய்வு நேரங்களில் நூலகத்தில் தமிழைக் கற்றவன். ஆயினும் சொன்ன சொல் தவறாதவன் என்றொரு பெயர் ஊரில் எனக்கு இருந்தது. அந்தப் பெயரை நான் மிகவும் பேணி வந்தேன்.

அந்தக் கேள்வியின் பொருள் பிற்பாடுதான் துண்டு துண்டாக எனக்குப் புலப்பட்டது. அந்தக் கடலோர ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் விடுமுறைக் காலம் வந்தால் வீட்டைக் காலிசெய்து கொடுக்கவேண்டுமாம். மாத வாடகையாக வாங்குவதைப் பயணிகளிடம் இரண்டு நாளில் வாங்கிவிடலாம் என்பதால், வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்து நயமாகக் கேட்பார்களாம்: "ரெண்டே ரெண்டு நாள்." குடியிருப்போர் பாயும் பாத்திரமுமாகப் படகுக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ ஒதுங்கிக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்புவார்களாம். இரண்டு நாள் ஒரு வாரமாகும், ஒரு வாரம் ஒரு மாதமாகும், பிறகு வேறு வீடு பார்க்கவேண்டியதுதான். அவர்கள் பதினோரு வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு வீடும் முந்தியதைவிடக் கடலுக்குத் தொலைவு. கடைசி வீட்டில் அலையோசைகூடக் கேட்காதாம்.

"மீன் பிடிக்கிற ஊரு, ஆனா மீன் கெடைக்காது" என்பார். "நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில ஓட்டலுக்குப் போயிரும். எங்களுக்குத் தலையும் முள்ளும். அப்புறம் ஒருநாள் தலையும் சூப்புக்குப் போயிருச்சு. விடியிறதுக்குள்ள பாலு பாக்கெட்டெல்லாம் லாட்ஜுக்காரன் அள்ளிட்டுப் போயிருவான். தண்ணி லாரி எங்க தெருவு வழியாத்தேன் போகும். நிக்காது."

கணவரின் பார்வை போன கதையை ஒரே ஒருமுறைதான் சொன்னார். முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, தலை நிமிராமல் சொன்னார்.

"சக்கரை வியாதி சித்தப்பா. மாத்திரையை முதல்ல ரெண்டா உடைச்சாரு. அப்புறம் நாலா. வாடகை ஏற ஏற மாத்திரை சின்னதாகிக்கிட்டே போச்சு. கடைசில ஒருநாள் கேமராவைக் கண்ணுல வச்சுட்டு, 'ஏன் புள்ள, கடலைக் காணோம்'னாரு."

கணவர் கலகலப்பான மனிதர். மனைவியின் அச்சத்தைக் கேலி செய்வார். மனைவியும் விடமாட்டார். "இவரும் சேர்ந்துதேன் அந்த ஊரை வித்தாரு" என்று குத்துவார். "ஆமாமா, கடலைக் கூவிக் கூவி வித்தேன். காசை வேற ஆளு வாங்கிட்டுப் போயிட்டான்" என்று கணவர் பதில் சொல்வார். ஆனால் அச்சிரிப்பு முடிந்ததும் இருவரும் ஒருவகையாக மௌனமாகிவிடுவார்கள். அந்தப் பெண்மணியின் அச்சம் எதைப் பற்றியது என்பதை அந்த மௌனத்தில்தான் நான் உணர்ந்தேன். மற்றவர்களுக்கு வீடு மாறுவது அலைச்சல். அவர்களுக்கோ அது ஆபத்து. பத்தாவது வீட்டை மனத்தில் பதித்து வைத்திருந்த கணவர், பதினோராவது வீட்டில் அந்தப் பழைய நினைவோடு திரும்பி மாடிப்படியில் உருண்டிருக்கிறார். இடுப்பெலும்பு விலகி ஆறு மாதம் படுக்கை. "இன்னொரு வீடு மாறுனா இவரு தாங்கமாட்டாரு" என்று மருத்துவர் சொன்னதாக மனைவி சொன்னார். மருத்துவர் அவ்வாறு சொல்லியிருப்பாரா என்பது ஐயம். சொன்னது அவர் நெஞ்சமாக இருக்கலாம்.

குடிவந்த முதல் நாள் அவர் கணவரின் வலக்கையைப் பிடித்துச் சுவரில் வைத்துப் பின்கட்டு முழுவதும் நடத்திக் காட்டினார். "இது நிலை. இங்கன சுண்ணாம்பு பேந்திருக்கு, தொட்டுக்கங்க. இந்தக் குழியிலருந்து நாலு எட்டு வச்சா மாடக்குழி. இது விரிசல், பாம்பு மாதிரி கீழ போகுது பாருங்க, அது முடியிற எடத்துல ஒரு படி. ஒண்ணே ஒண்ணு." அது என் தகப்பனார் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அதில் இருந்த ஒவ்வொரு குழியும் வெடிப்பும் எனக்கு வெட்கம் தருபவை. பார்வையற்ற கணவருக்கோ அவையே வழிகாட்டிகள். மூன்று மாதத்தில் அவர் குவளையைக் கையில் ஏந்தித் துளி சிந்தாமல் குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய உள்ளங்கை நடந்த உயரத்தில் சுவர் நெடுகிலும் கரிய கோடு ஒன்று விழுந்திருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாமென்று என் மனைவி சொன்னபோது அந்தப் பெண்மணி கைகூப்பிவிட்டார். "வேணாம் சின்னம்மா. அழுக்காவே இருக்கட்டும்."

இப்படி நான்கு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன என்று எழுத ஆசைதான். ஆனால் அவருக்கு அமைதி ஏது? எல்லோருக்கும் முன்னால் அறிகுறிகளைக் கண்டவர் அவர்தான்.

முதல் அறிகுறி தேநீர்க் கடையில் தோன்றியது. கணவருக்குத் தேநீர் வாங்கப் போனவர், கண்ணாடிக் குவளைகள் இருந்த இடத்தில் காகிதக் குவளைகளைக் கண்டார்.

"கிளாசு எங்கண்ணே?"

"எடுத்தாச்சுக்கா. வெளியூர்க்காரக கிளாசுல குடிக்க யோசிக்கிறாக."

"எந்த வெளியூர்க்காரக?"

"அருவிக்குக் குளிக்க வர்றாகள்ல, அணையைப் பார்க்க வர்றாகள்ல, அவுகதேன். நல்ல ஏவாரம்க்கா."

அவர் தூக்குச் சட்டியை வாங்கிக்கொள்ளாமலே திரும்பி, கடையெதிரே நின்ற என்னிடம் வந்தார். "ஆரம்பிச்சுருச்சு சித்தப்பா" என்றார். கடைக்காரன் பின்னாலிருந்து கத்தினான்: "அக்கா பயப்படுறாக, யாராச்சும் மலைமேல ஒரு போர்வையைப் போர்த்தி விடுங்கடா!"

நான் அவரைத் தேற்றினேன். அருவியும் அணையும் எக்காலமும் இருப்பவை, வருவோர் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள், இது வயலும் வாழைத்தோட்டமுமாக உழைக்கிற பூமி, அந்தக் கடலோர ஊருக்கு நேர்ந்தது இங்கு நேராது என்று நிதானமாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அங்கனயும் ஒரு பெரியவரு இப்படித்தேன் சொன்னாக" என்றார்.

அடுத்து இளநீர். முகத்தைப் பார்த்து விலை சொல்லத் தொடங்கினார்கள். அப்புறம் அணைச் சாலையில் ஒரு வீட்டின் முன் ஆங்கிலத்தில் பலகை ஏறிற்று. தங்குமிடம் என்று பொருளாம். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த தோட்டத் தொழிலாளியின் குடும்பம் எங்கே போயிற்று என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் பெண்மணி மட்டும் தேடிக் கண்டுபிடித்தார். மூன்று மைல் தள்ளி, பம்புசெட் அறை ஒன்றில் இருந்தார்களாம்.

இந்த இடத்தில் என் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயம்புத்தூரில் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறான், நல்ல பிள்ளை. ஆடி மாதம் ஊருக்கு வந்தவன், எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலையில் மேகம் சரிவதையும் கீழே திராட்சைக் குலைகள் தொங்குவதையும் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டான். எத்தனையோ ஆயிரம்பேர் பார்த்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் துள்ளினான். நான் மகிழ்ந்து அதை என் மனைவியிடம் உரக்கச் சொல்ல, பின்கட்டிலிருந்து அவர் ஓடிவந்தார்.

"தம்பி ஊர்ப் பேரைப் போட்டுருச்சா சித்தப்பா?"

"போட்டிருக்கான் தாயி."

"அழிக்கச் சொல்லுங்க."

"அதெப்படி அழிப்பான்? நம்ம ஊருக்குத்தானே பெருமை?"

அவர் என் காலைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன். சொல்கிறேன் என்று சொன்னேன். சொல்லவில்லை. அன்று பின்கட்டில் அடுப்பு எரியவில்லை.

அதன் பிறகு வார இறுதிகளில் எங்கள் வாசலிலேயே வண்டிகள் நிற்கலாயின. பாம்புக் கதை பலிக்கவில்லை. பாம்பையும் படமெடுக்கவே விரும்பினார்கள். தக்காளியும் கறிவேப்பிலையும் சனிக்கிழமைக்கு ஒரு விலை, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை என்றாயின. "கொத்தமல்லியக்கூட கொசுறா தரமாட்டேங்கிறான்" என்று என் மனைவி புலம்பினாள். அவளுடைய மூட்டுவலி மருந்துக்கும் ஆட்டோவுக்கும் என் கையிருப்பு போதவில்லை. உண்மையைச் சொல்வதானால், அச்சம் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அவர் தம் அச்சத்தை மறைக்கத் தெரியாதவர். நான் மறைக்கத் தெரிந்தவன். வேறுபாடு அவ்வளவே.

சித்திரை முடியும் தறுவாயில் மகன் கேட்டான். அவனுடைய மேலதிகாரியின் குடும்பம் விடுமுறைக்கு வருகிறதாம். மலை தெரியும் அந்தப் பின்கட்டு அறைதான் வேண்டுமாம். "ஒரே ஒரு வாரம்ப்பா. நல்லா இருந்துச்சுன்னா மாசாமாசம் ஆளு வரும். அம்மாவுக்கு நல்ல டாக்டரைப் பார்க்கலாம்" என்றான். மறுக்க நினைத்தேன், மறுக்கவில்லை. என் வீட்டை ஓர் அதிகாரி பார்க்க வருகிறார் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பின்கட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒரே ஒரு வாரம்..." என்று தொடங்கினேன்.

முறம் நின்றது. நான் மேற்கொண்டு சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் அழுவார், சண்டையிடுவார், என் வாக்கை நினைவூட்டுவார் என்று அதற்கெல்லாம் விடை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அவ்விதம் எதுவும் செய்யவில்லை. "சரி சித்தப்பா. உத்தமபாளையத்துல தம்பி வீடு இருக்கு" என்றார். பழகிய ஒரு வேலையைச் செய்வதுபோல எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"ஒண்ணு மட்டும். செவுத்துல கை வைக்காதீக."

"சேச்சே, ஒரு ஆணிகூட அடிக்கமாட்டோம்" என்றேன்.

அவர்கள் சென்ற மறுநாள் மகன் ஆட்களோடு வந்துவிட்டான். அறையைப் பார்த்து முகம் சுளித்தான். "என்னப்பா இது, அவரு வந்து பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாரு?" என்றான். நான் ஆணி கூடாதென்றேன். ஆணி எதற்கு, வெறும் பூச்சுத்தானே என்றான். எனக்கும் அது சரியென்றே தோன்றியது. ஆட்கள் இரண்டு நாள் உழைத்தார்கள். குழிகளில் மாவு அப்பித் தேய்த்தார்கள். வெடிப்புகளை அடைத்தார்கள். உப்புத்தாளால் உரசினார்கள். பிறகு இளநீல வண்ணம் இரண்டு பூச்சு. சேலையை அவிழ்த்துச் சன்னலைத் திறந்ததும் மலை அறைக்குள் வந்து நின்றது. நான் சுவரைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, ஒரு புள்ளிகூடத் தட்டவில்லை. என் தகப்பனார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். எவ்வளவு கொடிய காரியத்தைச் செய்கிறேன் என்பது அந்தக் கணம்கூட எனக்கு உறைக்கவில்லை.

வந்தவர்கள் நல்லவர்களே. மூன்று நாள் தங்கி, ஆயிரம்முறை அழகு அழகென்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாரம் முடிந்து தம்பதியர் ஆட்டோவில் வந்திறங்கினார்கள். தம்பி வீட்டில் கணவர் எப்படி இருந்தாரென்று கேட்டேன். "ஒரே நாற்காலியில இருந்தாரு" என்றார் அந்தப் பெண்மணி. "எந்திரிக்கப் பயம். அடிக்கடி பாத்ரூம் போகவேண்டாம்னு தண்ணியைக் கொறைச்சுக் குடுத்தேன்." இதை எனக்குக் குற்றம் சுமத்தச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

கணவர் சிரித்த முகத்தோடு நிலைப்படியைத் தாண்டினார். "அப்பாடா, நம்ம வீடு" என்றபடி வலக்கையைச் சுவரில் வைத்தார். கை நகர்ந்தது. நின்றது. மீண்டும் நகர்ந்தது. மேலும் கீழும் தேடிற்று. சிரிப்பு மெல்ல மறைந்தது.

"புள்ள... இது வேற வீடு."

"நம்ம வீடுதேன்."

"இல்ல. ஏமாத்தாத. இது வேற வீடு. எங்கன கூட்டிட்டு வந்திருக்க?"

அவர் மனைவி சுவரைப் பார்த்தார். பிறகு தம் உள்ளங்கையையும் அதில் வைத்துப் பார்த்தார். அறையின் நடுவில் அந்த மனிதர் இரு கைகளையும் முன்னே நீட்டியபடி, ஓர் அடி எடுத்து வைக்கவும் அஞ்சி, நீருக்குள் நிற்பவர்போல நின்றார். நான் அவர் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு, "யாரு?" என்று அலறினார். ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் என்னுடன் பேசிய மனிதர்.

"நல்லாருக்கு சித்தப்பா" என்றார் அந்தப் பெண்மணி. அவர் தாமாக அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பத்தாம் நாள் சிறிய சரக்கு வண்டி வந்தது. வடக்கே வேறோர் ஊர்ப் பக்கம் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன தகுதி? மனைவி மட்டும் அழுதாள்.

ஐந்து மாதம் அவர்களைப் பார்க்க எனக்கு முகமில்லை. ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் தேனி, பெரியகுளம் என்று பேருந்து மாறி ஏறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். விசாரித்தேன். கோழிப்பண்ணைக்குப் பின்னால் என்றார்கள். வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. நாற்றம் கூட்டிச் சென்றது. நீளமான தகரக் கொட்டகைகள், எரு மலை, ஈக்கள். அவற்றின் பின்னே பூசப்படாத செங்கல் சுவரோடு ஓர் ஓட்டு வீடு.

அவர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "வாங்க சித்தப்பா! சின்னம்மா வரலையா?" காப்பியை மூடி போட்டுக் கொண்டுவந்தார். நான் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பாடுபட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"எப்படி சித்தப்பா, வாடை?"

"ரொம்ப மோசமா இருக்கு தாயி."

"ஆமால்ல?" என்றார். மற்ற பெண்கள் புதுச்சேலை காட்டும்போது முகம் மலர்வதுபோல மலர்ந்தது. "கார்ல போறவுக இந்த முக்கு வந்ததும் கண்ணாடிய ஏத்திக்கிருவாக. ஒருத்தரும் நிக்கமாட்டாக. வாடகையும் ஏறாது. யாரு கேப்பாக இந்த வீட்டை?"

வந்த நோக்கத்தைச் சொன்னேன். அறையை வெளியாருக்கு விடுவதை நிறுத்திவிட்டேன், மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், திரும்பி வாருங்கள் என்றேன். அவர் கொஞ்சமும் சினமின்றி, "அந்தச் செவுரு பழையபடி ஆகுமா சித்தப்பா?" என்று கேட்டார். ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

அதற்குள் உள்ளேயிருந்து அவர் கணவர் செங்கல்லைத் தடவியபடி வந்தார். நடையில் பழைய நிதானம் திரும்பியிருந்தது. "மாமா குரல் மாதிரி இருக்கே! வாங்க மாமா. இது நல்ல செவுரு. கல்லு கல்லாத் தட்டுப்படுது. ரெண்டு மாசத்துல படிச்சுட்டேன்" என்றார். என் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். பின்சுவரில் ஒரு சிறு சன்னல் இருந்தது.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கணும். மழை பிடிச்சதுலருந்து இந்தச் சன்னல்ல குளிர்ந்த காத்து வருது. தூரத்துல தண்ணி விழுகுற மாதிரி ஒரு சத்தம். இவளைக் கேட்டா கோழிக் கொட்டகைங்கிறா. நீங்க பொய் சொல்லமாட்டீக. என்ன தெரியுது, பார்த்துச் சொல்லுங்க."

நான் சன்னலருகே நின்றேன். தகரக் கூரைகளுக்கு மேலே, வடக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு கொடைக்கானல் மலை எழுந்து நின்றது. மழை கழுவிய பச்சை. பாதி உயரத்தில் மேகம் கிழிந்து, அந்தக் கிழிசலின் வழியே, பாறை முகத்தில் வெண்ணூல் பிரிந்ததுபோல ஓர் அருவி நெடுக இறங்கிக்கொண்டிருந்தது. எழுபது ஆண்டுகளாக மலையடியில் வாழ்பவன் நான். அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

திரும்பினேன். அவர் மனைவி நிலைப்படியில் என் காப்பித் தம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டகைதேன் மாப்ளே" என்றேன். "தகரம், எருக்குவியல். வேற ஒண்ணும் தெரியல."

கணவர் சற்று நேரம் காற்று வந்த பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தார். பிறகு கையை நீட்டிச் சன்னல் கதவை இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

"அப்ப சரி மாமா. இங்கன இருந்துக்கலாம்" என்றார்.